ஓவனுக்குள் போனதும் பிரெட் நடுவில் அமுங்குகிறது, உதவுங்கள்

குட்டிநிலா:
வணக்கம். மூன்றாவது தடவையாக பிரெட் கெட்டுப்போய்விட்டது. டின்னுக்கு மேலே நன்றாக உப்பி நிற்கிறது, ஓவனுக்குள் வைத்த பத்தே நிமிடத்தில் நடுவே குழி விழுந்து அமுங்கிவிடுகிறது. அடிப்பக்கம் களி மாதிரி கத்தியில் ஒட்டுகிறது. அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன். பையனுக்கு ஒன்றரை வயது, அவனுக்காகத்தான் வீட்டிலேயே செய்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், அவன் எழுந்துவிட்டால் போனைத் தொட முடியாது.

மாவுக்கை:
அளவெல்லாம் சரி என்றால் எந்த அளவு? என்ன மாவு, எவ்வளவு தண்ணீர், எந்த ஈஸ்ட், ஓவன் எத்தனை டிகிரி? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

அடுப்படிக்காரி:
தண்ணீரைச் சுடச்சுட ஊற்றியிருப்பீர்கள், ஈஸ்ட் செத்திருக்கும். ஆரம்பத்தில் எனக்கும் இதேதான் நடந்தது. வெதுவெதுப்பாக, 35லிருந்து 40 டிகிரிக்குள் இருந்தால் போதும். 60 டிகிரியில் ஈஸ்ட் பிழைக்காது.

மாவுக்கை:
ஈஸ்ட் செத்திருந்தால் மாவு உப்பியே இருக்காதே அக்கா. உப்பிய பிறகுதான் விழுகிறது என்கிறார்.

தவிட்டுநேசன்:
முழு கோதுமை மாவாக இருக்கும், நான் பந்தயம் கட்டுகிறேன். தவிடு மாவின் இழைகளை அறுத்துவிடும், காற்றைப் பிடித்துவைக்க பலம் இருக்காது. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு அப்புறம் பிசையுங்கள். தவிடு மென்மையாகிவிடும்.

தராசு:
இங்கே மாதாமாதம் இதே கேள்வி வருகிறது. பழைய பதிவுகளை ஒரு தடவை படித்திருந்தால் இதற்குத் தேவையே இல்லை. கப்பில் அளப்பதை முதலில் விடுங்கள், தராசு வாங்குங்கள். 500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பிரெட் பொறுமை கேட்கும் வேலை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவசரமாகச் செய்தால் இப்படித்தான் வரும்.

இரட்டையர்அப்பா:
அளவு சொன்னதற்கு நன்றி ஐயா, ஆனால் கடைசி வரி வேண்டாம். எனக்கு இரண்டு வயதில் இரண்டு பேர். அவர்களை வைத்துக்கொண்டுதான் வாரம் இரண்டு பிரெட் செய்கிறேன். குழந்தை இருக்கிற வீட்டில் முடியாத வேலை இல்லை இது. நேரத்தை மட்டும் வேறு மாதிரி அடுக்க வேண்டும்.

குட்டிநிலா:
மன்னிக்கவும், இப்போதுதான் தூங்கினான். 400 கிராம் மைதா, 100 கிராம் கோதுமை, தராசில்தான் அளந்தேன். தண்ணீர் 330. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 டீஸ்பூன். சர்க்கரை கொஞ்சம். உப்பு போடவில்லை, குழந்தைக்கு ஆகாது என்பதால். 180 டிகிரி, 30 நிமிடம். காலையில் பிசைவேன், அவனும் ஒரு உருண்டையை வைத்துக்கொண்டு விளையாடுவான், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வான். டின்னில் வைத்துவிட்டு அவனைத் தூங்க வைக்கப் போய்விடுவேன்.

மாவுக்கை:
உப்பு இல்லையா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. டின்னில் வைத்த பிறகு எவ்வளவு நேரம் விட்டீர்கள்?

அடுப்படிக்காரி:
பச்சை மாவை வாயில் போட விடாதீர்கள் அம்மா. மாவு வேகாத பொருள், அதில் ஈ.கோலி, சால்மோனெல்லா கிருமிகள் இருக்கலாம். 2016இல் அமெரிக்காவில் மாவு வழியாக ஈ.கோலி பரவிப் பலர் நோயில் விழுந்தார்கள். விளையாட வேறு ஏதாவது கொடுங்கள்.

தவிட்டுநேசன்:
எங்கள் வீட்டில் மூன்று பேரும் பச்சை மாவை நக்கித்தான் வளர்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அடுப்படிக்காரி:
உங்கள் வீட்டில் ஆகவில்லை என்பது இன்னொரு குழந்தைக்குக் காவல் ஆகாது. சின்னக் குழந்தைக்கு இந்தத் தொற்று வந்தால் சிறுநீரகம் வரை பாதிக்கும். உருட்டி விளையாட ஆசைப்பட்டால் வெந்த பிரெட்டின் நடுப்பகுதியைக் கொடுங்கள், அதுவும் நன்றாக உருளும்.

தராசு:
உப்பு இல்லாத பிரெட் பிரெட்டே இல்லை. 500 கிராமுக்கு 10 கிராம், அதைக் குறைக்கக் கூடாது.

இரட்டையர்அப்பா:
குறைக்கலாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1லிருந்து 3 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2 கிராம் உப்பு என்கிறது. 10 கிராம் போட்டால் 30 கிராம் துண்டில் ஏறக்குறைய 0.4 கிராம். 6 கிராம் போட்டால் கால் கிராம்கூட வராது. மற்ற சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் சரி.

தராசு:
6 கிராமில் ருசி இருக்காது.

இரட்டையர்அப்பா:
ஒன்றரை வயதுக்காரன் ருசி பற்றிப் புகார் சொல்லப்போவதில்லை. அவனுக்காகத்தான் இந்த பிரெட்.

மாவுக்கை:
உப்புச் சண்டை போதும், குழிக்கு வருவோம். உப்பு ருசிக்கு மட்டுமல்ல, ஈஸ்டின் வேகத்தை அடக்கும், மாவின் இழைகளை இறுக்கும். உங்கள் மாவில் அது இல்லை, ஈஸ்ட் வேறு 2 டீஸ்பூன், கூடவே சர்க்கரை. மாவு ஓட்டமாக உப்பும். குழந்தையைத் தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆனால், நீங்கள் திரும்பும்போது அது எல்லை தாண்டியிருக்கும். வெளியே பார்க்க அழகாக நிற்கும், உள்ளே இழைகள் இழுபட்டு மெலிந்திருக்கும். ஓவன் சூட்டில் காற்று விரியும்போது தாங்காமல் விழுந்துவிடும்.
விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். குழி மெல்ல, பாதி மட்டும் மேலே வந்தால் ஓவனுக்குத் தயார். உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். எழும்பவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. அப்படியானால் வெளியே எடுத்து, காற்றை இறக்கி, மறுபடி உருட்டி டின்னில் வையுங்கள், வீணாகாது.

இரட்டையர்அப்பா:
என் வழியைச் சொல்கிறேன். பிள்ளைகள் தூங்கின பிறகு இரவு பிசைந்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். 4 டிகிரியில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், 8 மணி நேரம் ஆனாலும் 12 ஆனாலும் ஒன்றும் ஆகாது. ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் போதும். காலையில் உருட்டி டின்னில் வைப்பேன், குளிர் விட்டு உப்ப ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது அழுதால் டின்னை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டுப் போகலாம். வெளியே இருக்கிற மாவு நமக்காகக் காத்திருக்காது, குளிரில் இருக்கிற மாவு காத்திருக்கும். இது தெரிந்த பிறகுதான் எனக்கு பிரெட் செய்வது பிடிக்கவே ஆரம்பித்தது.
அடிப்பக்கம் ஒட்டுவதற்கு 180 டிகிரியும் ஒரு காரணம். 200இல் 35 நிமிடம் வையுங்கள், உள்ளே வெப்பமானி குத்தினால் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். எடுத்ததும் டின்னிலிருந்து கம்பித் தட்டுக்கு மாற்றி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

தவிட்டுநேசன்:
100 கிராம் கோதுமை இருக்கிறதே. ஊறவிடுவதையும் செய்து பாருங்கள், கெடுதல் இல்லை.

(நான்கு நாள் கழித்து)

குட்டிநிலா:
உப்பு 6 கிராம், ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், இரவு ஃப்ரிட்ஜ். குழி விழவில்லை! அடி மட்டும் கொஞ்சம் ஈரம், ஆறும்வரை பையன் விடவில்லை, சூடாகவே வெட்டிவிட்டேன். இரண்டு துண்டு சாப்பிட்டான். எல்லோருக்கும் ரொம்ப நன்றி, எழுந்துவிட்டான், போகிறேன்.

மாவுக்கை:
மிகவும் சந்தோஷம். டின்னில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?