குஸ்னெட்சோவ் மாடலில் கட்டி ஏன் பூஜ்யத்துக்கு வரவே மாட்டேன் என்கிறது?

மாறன்: எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். புராஜெக்டுக்கு 1994இல் குஸ்னெட்சோவ், மகால்கின், டெய்லர், பெரெல்சன் நாலு பேரும் வெளியிட்ட புற்றுக்கட்டி மாடலை எடுத்திருக்கிறேன். கட்டி செல்லும் அதைக் கொல்லும் எதிர்ப்பு செல்லும் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று சொல்லும் இரண்டு சமன்பாடுகள்தான் அது. பைத்தானில் எதிர்ப்பு செல் 1.5, கட்டி 10 என்று தொடங்கினால், கட்டி ஏறி இறங்கி ஏறி இறங்கி கடைசியில் 8.19இல் நின்றுவிடுகிறது. 0.4, 300 என்று தொடங்கினால் 447க்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிடி-1 தடுப்பு மருந்து (எதிர்ப்பு செல் ஓய்ந்துபோகாமல் காக்கும் புற்றுநோய் மருந்து) மாதிரி இருக்கட்டும் என்று மியூவை (எதிர்ப்பு செல் கட்டியோடு மோதிச் செயலிழக்கும் வீதம்) 0.00311இலிருந்து 0.0025 ஆக்கினேன், 300இலிருந்து தொடங்கியதும் ஆடி அடங்கி 8 பக்கம் வருகிறது, ஆனால் பூஜ்யம் மட்டும் வரவில்லை. கோடில் தப்பா? இரண்டு நாளாக மண்டை காய்கிறது, வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.

செந்தில்நாதன்: கோடு சரிதான் தம்பி. கட்டியே இல்லாத நிலையில் எதிர்ப்பு செல் எவ்வளவு இருக்கும்? சிக்மாவை (எதிர்ப்பு செல் வந்துசேரும் வீதம்) டெல்டாவால் (அது தானாகச் சாகும் வீதம்) வகுங்கள்: 0.1181 / 0.3743, அதாவது 0.3155. அங்கே ஒரு கட்டி செல்லைப் போட்டால் அது பெருகும் வீதம் ஆல்ஃபா, 1.636. சாகும் வீதம் எதிர்ப்பு செல்லின் அளவேதான், வெறும் 0.3155. பிறகு எப்படி அழியும்? பூஜ்யம் ஒரு நிலையற்ற புள்ளி, கொஞ்சம் விலகினாலே திரும்பி வராது, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் மியூ எங்கேயாவது வருகிறதா பாருங்கள். வராது, கட்டி இல்லாதபோது அந்த உறுப்பே பூஜ்யமாகிவிடுகிறதே. அதனால் மியூவை எவ்வளவு குறைத்தாலும் 447 என்ற பெரிய கட்டி நிலையை ஒழிக்கலாம், பூஜ்யத்தை நிலையாக்க முடியாது. அதற்கு சிக்மாவைத்தான் ஏற்ற வேண்டும், வெளியிலிருந்து எதிர்ப்பு செல்லைத் தொடர்ந்து ஏற்றுகிற மாதிரி. 0.2 தாண்டினாலே பெரிய கட்டி நிலை மறைந்துவிடும். ஆல்ஃபா பெருக்கல் டெல்டா, அதாவது 0.612 தாண்டினால்தான் பூஜ்யம் நிலையாகும். இப்போது இருப்பதைப் போல 5 மடங்குக்கு மேல். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் இந்த மாடலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

கயல்: அலகைக் கவனித்தீர்களா? இதில் 1 என்றால் 10 லட்சம் செல். உங்கள் 8.19 என்பது சுமார் 82 லட்சம் செல், 447 என்பது 44.7 கோடி. 82 லட்சத்தில் நிற்பதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள், அதுதான் உறங்குநிலை (கட்டி அழியாமலும் வளராமலும் அடங்கிக் கிடப்பது), இந்த மாடல் விளக்க வந்ததே அதைத்தான். அப்புறம் ஒரு விஷயம், படத்தை லாக் அளவில் போடுங்கள். ஆட்டத்தில் கட்டி 0.000001க்குக் கீழே போனால் அது ஒரு செல்லைவிடக் குறைவு. நிஜத்தில் அங்கேயே கதை முடிந்திருக்கும், வகைக்கெழுச் சமன்பாடு மட்டும் அதை உயிர்ப்பித்துக் கொண்டுவரும்.

ரஹ்மத்: நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. இந்த எண்களெல்லாம் எலியின் மண்ணீரலில் வளர்ந்த பி.சி.எல்.1 லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலிருந்து எடுத்தவை. மனிதருக்கு இத்தனை டோஸ் என்று இதிலிருந்து எழுதவே கூடாது. மியூ என்பது கட்டியோடு மோதிச் செயலிழக்கும் எதிர்ப்பு செல்களின் வீதம். பிடி-1 மருந்தை அதில் பொருத்துவது உங்கள் அனுமானம், அனுமானம் என்றே எழுதுங்கள்.

மாறன்: சிக்மா 0.65 வைத்து இப்போதுதான் ஓட்டினேன், லாக் அளவில் கோடு இறங்கிக்கொண்டே போகிறது! மூவருக்கும் ரொம்ப நன்றி. மியூ, சிக்மா இரண்டையும் சேர்த்து மாற்றி ஒரு படம் போட்டு நாளை இங்கே போடுகிறேன்.