பூச்சிமருந்துக்கு ஊர்ப் பொதுப்பெட்டி: நடத்தியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மல்லிகை, பருத்தி போடும் பல வீடுகளில் மருந்து டப்பா கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. மனம் உடைகிற அந்தக் கொஞ்ச நேரம் அது கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்கிற சினேகா அமைப்பினர் ஊருக்குப் பொதுவான இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கேயும் ஊர்க்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். சாவி யாரிடம் என்பதில்தான் பஞ்சாயத்து! விடியற்காலையில் மருந்தடிக்கப் போகிறவர் யாரை எழுப்புவார்?

மேலூர், திருமங்கலம் பக்கம் இப்படி நடத்தியவர்கள், கூட்டுறவுச் சங்கத்தில் இடம் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பெட்டி செய்கிற ஆள் தெரிந்தாலும் சரி. அப்புறம், பெட்டிமேல் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416 எழுதப் போகிறோம். கூட என்ன வாசகம் போட்டால் ஆட்கள் கூச்சப்படாமல் கூப்பிடுவார்கள்?