பவள மணலில் மைக்ரோபிளாஸ்டிக் பிரிக்கும்போது கரைசல் பொங்குகிறது – என்ன செய்வது?

கேள்வி – கடற்கரையாள்

வணக்கம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை ஒட்டிய கரையில் மணல் எடுத்து மைக்ரோபிளாஸ்டிக் (5 மி.மீ.க்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்) எண்ணுகிறோம். மணல் அடியில் தங்கி பிளாஸ்டிக் மட்டும் மிதக்கட்டும் என்று துத்தநாகக் குளோரைடு கரைசலை 1.6 அடர்த்திக்குக் கலக்கி மணலைப் போட்டால் நுரைத்துப் பொங்குகிறது. மிதந்து வருவதில் பாதி கிளிஞ்சல் தூள். எங்கே தவறு? அடுத்து பூங்காவின் தீவுகளிலும் மாதிரி எடுக்க எண்ணம்.

பதில் – உப்பங்கழி

தவறு உங்கள் கையில் இல்லை, மணலில் இருக்கிறது. அங்குள்ள மணலில் பவளத் துகளும் கிளிஞ்சலும் அதிகம். அது கால்சியம் கார்பனேட். துத்தநாகக் குளோரைடு கரைசல் அமிலத் தன்மையுள்ளது. இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். அந்தக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு கிளிஞ்சல் தூளை மேலே தூக்குகின்றன. கிளிஞ்சலைக் கரைக்கலாம் என்று ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிவிடாதீர்கள். வலை இழைகளில் இருக்கும் நைலானை அது அரிக்கும்.

முதலில் சாதாரண உப்பு: லிட்டர் தண்ணீருக்கு 360 கிராம், வடிகட்டிய பிறகு அடர்த்தி 1.2. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன், நைலான் எல்லாம் இதிலேயே மிதக்கும். 2 நிமிடம் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். ஒரே மணலுக்கு 3 முறை. பெட் (தண்ணீர் புட்டி பிளாஸ்டிக்), பி.வி.சி. (குழாய் பிளாஸ்டிக்) இரண்டின் அடர்த்தியும் 1.38 அளவில் இருப்பதால் அடியிலேயே தங்கும். அவை வேண்டுமென்றால் மிச்ச மணலுக்கு மட்டும் சோடியம் அயோடைடு கரைசல், அடர்த்தி 1.6. விலை அதிகம், ஆனால் வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம்.

பதில் – வாடைக்காற்று

அயோடைடு பற்றி ஒரு எச்சரிக்கை. செல்லுலோஸ் வடிதாளில் ஊற்றினால் தாள் கறுத்துப்போகும், துகள் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி இழைத் தாள் போடுங்கள். பாசி, கடற்புல் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ப்பதற்கு முன் அயோடைடை நன்றாகக் கழுவிவிட வேண்டும். மிச்சமிருந்தால் அயோடின் பிரிந்து எல்லாம் பழுப்பாகிவிடும். இரும்பு சல்பேட்டும் சேர்க்கிறீர்கள் என்றால் சூடு தானாகவே ஏறும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 50 டிகிரிக்குள் நிறுத்துங்கள். மணலை உலர்த்தவும் 60 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

எடுக்கும் அளவையும் சொல்லவில்லையே. 50 × 50 செ.மீ. சட்டம், 5 செ.மீ. ஆழம் என்றால் 12.5 லிட்டர், ஏறக்குறைய 18–20 கிலோ. ஐந்து இடத்துக்கு இதைச் சுமக்க முடியாது. அங்கேயே 5 மி.மீ., 1 மி.மீ. சல்லடைகளில் சலித்து, 1 மி.மீ.க்குக் கீழே உள்ளதில் 250 கிராம் மட்டும் கொண்டுவாருங்கள். ஈர மணல் சல்லடையை அடைத்துக்கொள்ளும்; வடிகட்டிய கடல்நீர் விட்டுச் சலித்தால் இறங்கும். முடிவைச் சதுர மீட்டருக்கும் கிலோவுக்கும் இரண்டு விதமாகவும் எழுதிவையுங்கள், இல்லையேல் வேறு ஆய்வுகளோடு ஒப்பிடவே முடியாது.

வெறும் கரைசலை மட்டும் அதே வழியில் வடிகட்டி, அதில் விழும் இழைகளை எண்ணவும் மறக்காதீர்கள். உடுப்பிலிருந்து உதிரும் இழைதான் பெரிய ஏமாற்று. தனி நிறப் பருத்தி மேலங்கி போட்டால் உங்கள் இழை எது என்று தெரிந்துவிடும்.

பதில் – அலைவாய்

தீவுகளுக்கு: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி முன் அனுமதி இல்லாமல் இறங்கவோ மணல் எடுக்கவோ கூடாது. ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பியுங்கள். தீவின் பெயர், எடுக்கும் கிலோ, மாதம் மூன்றையும் எழுதுங்கள். கடினப் பவளங்கள் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, 5 மி.மீ. சல்லடையில் தங்கும் பவளத் துண்டுகளை அங்கேயே கொட்டிவிடுவதாகவும் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி, தனுஷ்கோடி கரைகளிலும் ஒதுங்கின. ஆகவே 1 மி.மீ. சல்லடையில் தங்கும் 2–5 மி.மீ. உருண்டைகளை அட்டவணையில் தனி நெடுவரிசையாக எண்ணுங்கள். மொத்தத்தில் கலந்தால், ஒரு கப்பல் கொட்டியதும் ஆறும் வலையும் நாள்தோறும் சேர்ப்பதும் ஒன்றாகிவிடும். வெள்ளை, மஞ்சளானது, கருகியது என்று நிறத்தையும் குறியுங்கள். கருகியவை தொட்டாலே நொறுங்கும், எண்ணிக்கை பெருகிவிடும். அவற்றுக்கு எடையும் போடுங்கள்.