சாஸ் பயனர் மாநாடுகள்: எந்தப் பிரிவில் எது சறுக்கும்?

கீப்_டிராப்:
சாஸ் என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருளைப் பயன்படுத்துவோர் கூடும் அமெரிக்காவின் வட்டார மாநாடுகள் (தென்கிழக்கில் செசக், மத்திய மேற்கில் எம்.டபிள்யூ.சக், மேற்கில் வஸ்) வழக்கமாக இலையுதிர் காலத்தில் நடக்கும். கட்டுரைச் சுருக்கம் அனுப்பும்போதே எந்தப் பிரிவு என்று குறிப்பிட வேண்டும். பலரும் தலைப்பை வைத்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரே மேக்ரோ (ப்ரோகிராம் வரிகளைத் தானே எழுதித் தரும் வசதி) தலைப்பைப் பத்து நிமிடத்திலும் சொல்லலாம், ஐம்பது நிமிடத்திலும் சொல்லலாம், பயிலரங்காகவும் நடத்தலாம். மூன்றுக்கும் தயாரிப்பு வேறு, கெட்டுப்போகும் இடமும் வேறு. நேரில் கண்டவர்கள் பிரிவு வாரியாக எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். என்ன செய்தால் ஓடும், எங்கே நிற்கும் என்பது போதும்.

லிப்நேம்_லட்சுமி:
பயிலரங்கிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் உடைவது அங்கேதான். பெரும்பாலும் 75 முதல் 90 நிமிடம் கிடைக்கும். முன்பு மாநாடே கணினி வைத்துத் தரும். இப்போது பங்கேற்பவர் சொந்த மடிக்கணினியில் சாஸ் ஆன்டிமாண்ட் ஃபார் அகாடெமிக்ஸ் (உலாவியில் ஓடும் இலவச சாஸ் சேவை) திறந்து வேலை செய்வதே வழக்கமாகிவிட்டது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவச யுனிவர்சிட்டி எடிஷன் 2021லேயே நிறுத்தப்பட்டுவிட்டது, அதை நிறுவச் சொல்லும் பழைய கையேட்டை அப்படியே கொடுக்காதீர்கள்.

முதல் சிக்கல் கணக்கு தொடங்குவது. பதிவு செய்து, மின்னஞ்சலை உறுதி செய்து, உள்ளே நுழைவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அரங்கின் வைஃபையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் முயன்றால் இன்னும் மோசம். ஒரு வாரம் முன்பே கணக்கு தொடங்கச் சொல்லி மடல் அனுப்புங்கள். ஒருமுறை உள்நுழைந்து ப்ராக் பிரிண்ட் (தரவைத் திரையில் காட்டும் கட்டளை) ஒன்றை ஓட்டிப் பார்க்கவும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பாதை. அந்தச் சேவை லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸில் எழுதிய லிப்நேம் வரியில் (தரவுக் கோப்புறையை நூலகமாக இணைக்கும் கட்டளை) சி டிரைவ் பாதை இருந்தால் நூலகமே உருவாகாது. லினக்ஸ் பாதையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு. அதைவிடப் பொல்லாதது டேட்டாசெட் (சாஸின் தரவு அட்டவணை) கோப்பின் பெயர். அதில் ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் லினக்ஸ் சாஸ் அதை நூலகத்தில் காட்டாது. கோப்பு கோப்புறையில் கண்ணெதிரே இருக்கும், நூலகம் காலியாக இருக்கும், அறை முழுக்கக் கை உயரும். எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய எழுத்துப் பெயர் வைத்தால் இது வராது.

மூன்றாவது, ஃபார்மட் கேட்டலாக், அதாவது 1, 2 போன்ற மதிப்புகளுக்கு விளக்கச் சொல் காட்டும் ஃபார்மட்களை வைத்திருக்கும் கோப்பு. டேட்டாசெட் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனாலும் திறக்கும், கேட்டலாக் திறக்காது. 'ஃபார்மட் கிடைக்கவில்லை அல்லது ஏற்ற முடியவில்லை' என்ற பிழை வரும். நோஃபெம்ட்எர் ஆப்ஷன் கொடுத்தால் ஓடும், ஆனால் விளக்கச் சொற்களுக்குப் பதில் 1, 2 என்றுதான் தெரியும். சரியான வழி: ப்ராக் ஃபார்மட்டில் சிஎன்டிஎல்அவுட் கொடுத்து டேட்டாசெட்டாக எடுத்து, அந்தப் பக்கம் சிஎன்டிஎல்இன் கொடுத்துத் திரும்ப உருவாக்குவது.

பைட்_பாலா:
லட்சுமி அக்கா விட்ட நான்காவது ஒன்று இருக்கிறது: என்கோடிங், அதாவது எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை. விண்டோஸ் சாஸில் பொதுவாக டபிள்யூலாட்டின்1, அங்கே யுடிஎஃப்-8. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் பிடித்தது இரண்டு, மூன்று பைட் பிடிக்கும். வேரியபிளின் (அட்டவணையின் ஒரு நெடுவரிசை) நீளம் போதாமல் 'குறியீடு மாற்றத்தில் எழுத்துத் தரவு இழக்கப்பட்டது' என்று லாக் (ப்ரோகிராம் ஓடும்போது சாஸ் எழுதும் செய்திகள்) சொல்லும். லிப்நேமில் சிவிபி என்ஜின் என்ற படிக்கும் முறையைக் கொடுத்தால் படிக்கும்போதே எழுத்து வேரியபிள்களை அகலப்படுத்தித் தரும். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள தரவில் இது தலைகாட்டாது. ஒரு 'é' போதும்.

லிப்நேம்_லட்சுமி:
சரிதான் பாலா. இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்றால் இரண்டு வழி. தரவு சிறியதாக இருந்தால் டேட்டாலைன்ஸாக, அதாவது நேரடி வரிகளாக, ப்ரோகிராமுக்குள்ளேயே வைத்துவிடலாம், எதையும் ஏற்ற வேண்டியதில்லை. அல்லது சாஸுடனே வரும் சாஸ்ஹெல்ப் மாதிரித் தரவு நூலகத்தில் இருப்பதை எடுங்கள். கிளாஸ் (19 வரிசை), கார்ஸ் (428), ஹார்ட் (5,209) மூன்றும் எல்லோரிடமும் இருக்கும். பெரிய தரவு தேவை என்றால் ஆசிரியர் கணக்கில் ஒரு கோர்ஸ் உருவாக்கி அதில் தரவை வைத்து, பங்கேற்பாளர்களைச் சேர்த்து, படிக்க மட்டும் உரிமையுள்ள லிப்நேம் வரியைக் கொடுக்கலாம். எக்ஸ் கமாண்டை (சாஸுக்குள்ளிருந்து இயங்குதளக் கட்டளை கொடுப்பது) நம்பி எதையும் எழுதாதீர்கள், அங்கே அது அடைக்கப்பட்டிருக்கிறது.

75 நிமிடத்துக்கு மூன்று பயிற்சிதான் தாங்கும். ஒவ்வொன்றுக்கும் முடித்து வைத்த விடை ப்ரோகிராமும் தனியாக இருக்கட்டும். பின்தங்கியவர் அதைத் திறந்து அடுத்த பயிற்சியில் சேர்ந்துகொள்வார்.

ரன்_செமிகோலன்:
அடுத்து குறும்பேச்சுப் பிரிவு. சில மாநாடுகளில் கோடர்ஸ் கார்னர், எம்.டபிள்யூ.சக்கில் ரேபிட் ஃபயர், மருந்துத் துறை மாநாடான ஃபார்மாசக்கில் க்விக் டிப்ஸ். பெயர் வேறு, பத்து நிமிடக் கணக்கு ஒன்றே. ஒரு நுட்பம், ஒரே ஒரு நுட்பம். 'கால் சிம்புட்டை விட்டு ஏன் சிம்புட்எக்ஸ்' என்பது சரியான அளவு. இரண்டும் ஒரு மதிப்பை மேக்ரோ வேரியபிளில் வைக்கும் கட்டளைகள். சிம்புட்எக்ஸ் ஓரத்து வெற்றிடத்தை நீக்கும், எண்ணை எழுத்தாக மாற்றியதாக லாக்கில் குறிப்பு விழாது, எந்த சிம்பல் டேபிளில் (மேக்ரோ வேரியபிள்களின் பட்டியல்) வைப்பது என்றும் சொல்லலாம். முடிந்தது. 'மேக்ரோ அறிமுகம்' என்று இந்தப் பிரிவுக்கு அனுப்பினால் ஏழாவது நிமிடத்தில் நீங்கள் இன்னும் மேக்ரோ வேரியபிளுக்கு முன்னால் வரும் அம்பர்சண்ட் (&) குறியிலேயே நிற்பீர்கள்.

ஸ்லைடில் கோடு (ப்ரோகிராம் வரிகள்) 20 புள்ளி எழுத்தளவுக்குக் குறையக் கூடாது, பன்னிரண்டு வரியைத் தாண்டக் கூடாது. கோடும் லாகும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது. நேரடி டெமோ வேண்டாம், திரைப்பிடிப்பு போதும்.

கட்டுரையில் கவனிக்க வேண்டியது மேற்கோள் குறி. வேர்டு தானாக நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும், கழித்தல் குறியை நீளக் கோடாக்கும். சாஸுக்கு வளைந்தது மேற்கோளே இல்லை. இரண்டும் வளைந்திருந்தால் உடனே பிழை வரும், பிழைத்துக்கொள்ளலாம். ஒன்று நேராகவும் ஒன்று வளைந்தும் இருந்தால்தான் ஆபத்து: சரம் மூடாமலே ஓடும், 262 பைட்டைத் தாண்டிவிட்டது என்று எச்சரிக்கை விழும், அதன்பின் எதை ஓட்டினாலும் பதில் வராது. அப்போது *';*";*/; என்று கொடுத்துப் பின்னால் க்விட், ரன் போட்டால் செஷன் மீளும். வேர்டின் தானியங்கித் திருத்தத்தில் அந்த இரண்டையும் அணைத்துவிட்டு எழுதுங்கள். அனுப்பும் முன் இறுதிப் பிடிஎஃபிலிருந்தே ப்ரோகிராமைப் பிரதி எடுத்துப் புதிய செஷனில் ஓட்டிப் பாருங்கள். இந்தக் கட்டுரைகள், சாஸ் மாநாட்டுக் கட்டுரைகளைத் திரட்டி வைத்திருக்கும் லெக்ஸ் ஜான்சனின் தளத்தில் ஆண்டுக்கணக்கில் தேடிப் படிக்கப்படுகின்றன. பேச்சைக் கேட்பவரைவிட அங்கிருந்து ப்ரோகிராமை எடுத்து ஒட்டுபவர்களே அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஆட்ஸ்_ரேஷியோ:
புள்ளியியல் பிரிவில் நேரம் பிரச்சினை இல்லை, 20 அல்லது 50 நிமிடம் கிடைக்கும். அங்கே மாட்டிவிடுவது இயல்பு அமைப்புகள், அதாவது நாம் எதுவும் சொல்லாவிட்டால் சாஸ் தானே எடுத்துக்கொள்பவை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வெளியீட்டைத்தான் படிப்பார், உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்.

ஹார்ட் டேட்டாசெட்டில் ப்ராக் லாஜிஸ்டிக் (இரண்டில் ஒன்று நிகழும் வாய்ப்பைக் கணிக்கும் கட்டளை) ஓட்டுங்கள். உயிரோடிருக்கிறாரா என்று சொல்லும் ஸ்டேட்டஸில் அலைவ் 3,218, டெட் 1,991. எதைக் கணிப்பது என்று சொல்லும் ஈவென்ட் ஆப்ஷன் கொடுக்காவிட்டால் வரிசையில் முதலில் வருவதற்கே மாதிரி அமையும். அகர வரிசையில் அலைவ் முன்னால் நிற்பதால் உயிரோடிருப்பதன் நிகழ்தகவு வந்துவிடும். இரத்த அழுத்தம் கூடக்கூட ஆபத்து குறைவதாக ஸ்லைடு சொல்லும், குறி மட்டும் தலைகீழ். எந்த மதிப்புக்கு மாதிரி என்று வெளியீட்டில் ஒரு வரி இருக்கும், ஸ்லைடுக்கு வெட்டும்போது பெரும்பாலும் அந்த வரியைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

அடுத்து, வகைப் பிரிவு வேரியபிள்களைக் குறிக்கும் கிளாஸ் கூற்று. ப்ராக் ஜிஎல்எம் என்ற இன்னொரு மாதிரிக் கட்டளையில் பழகியவர் லாஜிஸ்டிக்கும் அதே குறியீடு என்று நினைப்பார். லாஜிஸ்டிக்கில் இயல்பு எஃபெக்ட் கோடிங்: இரண்டு நிலை வேரியபிளுக்கு 1, -1. எனவே குணகத்தை அப்படியே அடுக்கேற்றினால் ஆட்ஸ் ரேஷியோ (ஒரு நிலையின் வாய்ப்பு விகிதம் மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்பது) வராது, இரு மடங்காக்கி அடுக்கேற்ற வேண்டும். ஒரே ஸ்லைடில் குணக அட்டவணையும் ஆட்ஸ் ரேஷியோ அட்டவணையும் வைத்தால் யாராவது கைப்பேசிக் கால்குலேட்டரை எடுப்பார். ஒரு நிலையை அடிப்படையாக வைத்து ஒப்பிடும் பேராம் ரெஃப் கொடுத்து, எது அடிப்படை நிலை என்று கோடிலேயே எழுதிவிட்டால் கேள்வியே எழாது.

விடுபட்ட மதிப்பும் இதே டேட்டாசெட்டில் அழகாகச் சிக்கும். உயிரோடிருப்பவர்களுக்கு ஏஜ்அட்டெத் (இறந்த வயது) காலி. சாஸில் விடுபட்டது எந்த எண்ணையும்விடச் சிறியது. 'இறந்த வயது 60க்குக் கீழ்' என்று இஃப் எழுதினால் உயிரோடிருக்கும் 3,218 பேரும் அதில் விழுந்துவிடுவார்கள். பத்து நிமிடப் பிரிவுக்கே இது தனித் தலைப்பாகப் போதும்.

உருவகப்படுத்தல் (சமவாய்ப்பு எண்களால் தரவை உருவாக்கிப் பார்ப்பது) இருந்தால் கால் ஸ்ட்ரீம்இனிட்டில் ஒரு நேர்ம எண் விதை (சமவாய்ப்பு எண்களின் தொடக்க எண்) கொடுங்கள். இல்லாவிட்டால் கட்டுரை அட்டவணையும் மேடை வெளியீடும் பொருந்தாது.

எக்ஸ்பிடி_200:
மருந்து ஆய்வுப் பிரிவுக்குச் சுருக்கமாக. உண்மை ஆய்வுத் தரவு எதுவும் வேண்டாம், அடையாளம் நீக்கியிருந்தாலும் வேண்டாம். மருந்து ஆய்வுத் தரவுக்குத் தரநிலை வகுக்கும் சிடிஸ்க் அமைப்பு வெளியிட்ட பைலட் ஆய்வின் தரவு இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவுக்குப் போகும் பதிப்பு 5 டிரான்ஸ்போர்ட் (தரவை அனுப்பும் வடிவக்) கோப்பின் வரம்புகளை உதாரணத்தில் மீறாதீர்கள்: பெயர் 8 எழுத்து, லேபிள் 40, எழுத்து வேரியபிள் 200 பைட். ஒன்பது எழுத்துப் பெயரைக் கண்டால் அங்குள்ளவர்களுக்கு மீதி எதுவும் காதில் விழாது. நிறுவன ஒப்புதலுக்குச் சட்டப் பிரிவில் வாரக்கணக்கில் ஆகும், சுருக்கம் அனுப்பும் அன்றே விண்ணப்பியுங்கள்.

போஸ்டர்_ராஜி:
போஸ்டர் பெரும்பாலும் 48க்கு 36 அங்குலம், பலகை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாஸின் வரைபட வசதியான ஓடிஎஸ் கிராஃபிக்ஸின் இயல்புப் படம் 640க்கு 480 பிக்சல், அதை இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் பஞ்சாகிவிடும். இமேஜ் டிபிஐ (ஓர் அங்குலத்துக்குப் பிக்சல் எண்ணிக்கை) 300, அகலம் 8 அங்குலம் என்று கொடுத்தால் 2,400 பிக்சல் வரும். புள்ளிகள் மிக அதிகமென்றால் ஜாவா நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடும், அப்போது டிபிஐயை 200க்கு இறக்கலாம். எஸ்விஜியாக (கோடுகளாகச் சேமிக்கும் பட வடிவம்) எடுத்தால் எந்த அளவுக்கும் தெளிவாக இருக்கும், ஆனால் அச்சுக்கடையில் அது திறக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கீப்_டிராப்:
2007 முதல் சாஸ் குளோபல் ஃபோரம் என்ற பெயரில் நடந்த பெரிய மாநாடு நேரில் கடைசியாகக் கூடியது 2019ல், டல்லஸில். அதன்பின் பயனர் எழுதும் கட்டுரைக்கு வட்டார மாநாடுகளே முக்கிய மேடை ஆகிவிட்டன. அதனால் பிரிவுத் தலைவராக இருப்பவர்களும் எழுதுங்கள்.

பிரிவு_வாசல்:
தலைவர் பக்கத்திலிருந்து சில. ஐந்து நிமிடம், இரண்டு நிமிடம், நிறுத்து என்று மூன்று அட்டை வேண்டும். ஒருவர் வராமல் போனால் அடுத்த பேச்சை முன்னால் இழுக்காதீர்கள், அந்தப் பேச்சுக்காக வேறு அறையிலிருந்து கிளம்பி வருபவர்கள் இருப்பார்கள். இடைவெளியைக் கேள்விகளுக்கு விடலாம். பேச்சாளரிடம் எச்டிஎம்ஐ மாற்றியும் ஸ்லைடின் பிடிஎஃப் பிரதியும் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். உலாவியில் சாஸ் எழுதும் திரையான சாஸ் ஸ்டுடியோவை நேரடியாகக் காட்டுபவரிடம் உலாவியில் 150 சதவீதம் பெரிதாக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவர் தன் அலுவலக ப்ரோகிராமை முழுசாக விளக்கத் தொடங்குவார். சில மாநாடுகளில் கோட் கிளினிக் என்று ஒரு மேசை போட்டிருப்பார்கள், அறை எண்ணைச் சொல்லி அங்கே அனுப்புங்கள். போகும்போது ப்ரோகிராம் மட்டும் போதாது, லாகும் பத்து வரிசை மாதிரித் தரவும் கொண்டுபோகச் சொல்லுங்கள். லாக் இல்லாமல் போகிறவரை அங்கே உள்ளவர்கள் திருப்பித்தான் அனுப்புகிறார்கள்.