மறு: சர்வர் கட்டுரைக்கு: சாக்கெட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். சர்வரை நேரடியாகச் சாக்கெட்டில் எழுதுவதா, ஃபிரேம்வொர்க்கில் (அடிப்படை வேலைகளைத் தயாராகத் தரும் நிரல் தொகுப்பு) எழுதுவதா என்ற கட்டுரைக்கான சொற்களைப் பற்றி இது. சாக்கெட் என்பது ஒரு நிரல் நெட்வொர்க் வழியே இன்னொரு நிரலோடு பேசப் பயன்படுத்துவது.

> சாக்கெட்டுக்குப் ‘பொருத்துவாய்’ போதும். சுவரில் இருப்பதும் அதுதானே?

இதில் எனக்கு உடன்பாடில்லை. சுவரில் ஒரு பக்கம் துளை, மறுபக்கம் பிளக். நெட்வொர்க்கில் சர்வரிடமும் சாக்கெட்தான், கிளையண்டிடமும் (சர்வரை அழைக்கும் நிரல்) சாக்கெட்தான். 1981இல் வந்த ஆர்எஃப்சி 793 (தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறையை வரையறுத்த ஆவணம்), ஐபி முகவரியும் (கணினியின் நெட்வொர்க் முகவரி) போர்ட் எண்ணும் (அந்தக் கணினியில் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்) சேர்ந்ததைச் சாக்கெட் என்றது. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் இயங்குதளத்தில் அது கோப்பைப் போலப் படிக்கவும் எழுதவும் கூடிய ஒன்றானது. எப்படிப் பார்த்தாலும் அது ஒரு முனை. அதனால் ‘தொடர்புமுனை’ என்கிறேன்.

கிளைச்சொற்களும் எளிதாக வரும். சர்வரில் லிசன் செய்யும் (இணைப்பு வரக் காத்திருக்கும்) சாக்கெட் வேறு, ஒவ்வொரு அக்செப்ட்டுக்கும் (வந்த இணைப்பை ஏற்பது) புதிதாகக் கிடைக்கும் சாக்கெட் வேறு. முன்னது கேட்புமுனை, பின்னது பேச்சுமுனை. புதியவர்கள் குழம்பும் இடமே இதுதான்.

> ஃபிரேம்வொர்க் இல்லாமல் எழுதுவதைக் ‘கச்சா சாக்கெட்’ எனலாம்.

வேண்டாம். ரா சாக்கெட் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: டிசிபியை விட்டுவிட்டு ஐபி பொட்டலத்தையே நாம் கையாள்வது. லினக்ஸில் அதற்குத் தனி உரிமை வேண்டும். நமக்கு ‘நேர்முனை நிரலாக்கம்’ பொருந்தும். ஃபிரேம்வொர்க்குக்குச் சட்டகம் ஏற்கெனவே புழங்குகிறது, சரி.

அப்புறம், கட்டுரை ‘நேர்முனை வேகமானது’ என்று தொடங்குவதை மாற்ற வேண்டும். வேகம் இங்கே இரண்டாம் கேள்வி. டிசிபி பைட்டுகளின் ஓடை. அதற்குச் செய்தி எல்லை தெரியாது. நூறு பைட்டை ஒரே தடவையில் அனுப்பினாலும், அந்தப் பக்கம் முதலில் அறுபது, பிறகு நாற்பது என்று வரலாம். இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது பெரும்பாலும் முழுசாக வந்துவிடுவதால் பிழை வெளியே தெரியாது. நேர்முனையில் எழுதினால் நீளத்தைப் படித்து, மிச்சத்தைச் சேர்த்துவைக்கும் வேலை நம்முடையது. நெட்டி (ஜாவாவுக்கான நெட்வொர்க் சட்டகம்) போன்ற சட்டகத்தில் அதற்கான பிரிப்பான் தயாராக இருக்கிறது; டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கம் செய்வது), காலக்கெடு, ஈபோல் (பல இணைப்புகளை ஒருசேரக் கவனிக்கும் லினக்ஸ் வசதி) எல்லாம் கூடவே கிடைக்கும். ஆயிரக்கணக்கில் இணைப்பு வரும் சர்வருக்குச் சட்டகத்தையே பரிந்துரைப்பேன். நாலைந்து கருவிகள் மட்டும் பேசும் சிறு சேவைக்கும் கற்றுக்கொள்வதற்கும் நேர்முனை நல்லது.

யூடிபியில் (இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் நெறிமுறை) லிசனும் இல்லை, அக்செப்ட்டும் இல்லை. ஒரே முனை கேட்கும், பேசும். அங்கே வெறும் ‘தொடர்புமுனை’ போதும் என்று நினைக்கிறேன். ‘கேட்புமுனை’க்கு இன்னும் நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.