ஹாங்கி பாங்கி காக்டெய்ல் கலக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் இங்கே சொல்லுங்கள்

மிளகுரசம்:
நீக்ரோனி (ஜின், ஸ்வீட் வெர்மூத், காம்பாரி மூன்றும் சம அளவில் கலக்கும் காக்டெய்ல்) தெரிந்தவர்களுக்கு ஹாங்கி பாங்கியை விளக்க வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். மனைவியின் தம்பி முதல்முறையாக லண்டன் வந்திருந்தான். சவாய் ஹோட்டல் பாரில் பிறந்த சரக்கு, இந்த ஊரிலேயே கலக்கித் தருகிறேன் பார் என்று பந்தாவாக ஆரம்பித்தேன். ஜின், ஸ்வீட் வெர்மூத் (மூலிகை போட்ட இனிப்பு வைன்), ஃபெர்னெட் பிராங்கா என்ற கசப்பு மூலிகை மது. கை பழக்கதோஷத்தில் நீக்ரோனிக் கணக்கைப் போட்டுவிட்டது. மூன்றும் 30 மில்லி. நிறம் மட்டும் டிகாக்‌ஷன் மாதிரி ஜோராக வந்தது.

ஒரு வாய் குடித்தான். துப்பவில்லை, விழுங்கவும் இல்லை. கன்னம் உப்பியபடி அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே தள்ளினான். "மாமா, எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லையே?" என்றான். சின்ன வயதில் நிலவேம்புக் கஷாயத்துக்குப் பயந்து மொட்டை மாடிக்கு ஓடிய ஆள் அவன். ஆனால் மரியாதைக்காக முழு கிளாஸையும் குடித்து முடித்தான் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. பாதியில் வைத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கப்பல்காரன்:
30 மில்லி ஃபெர்னெட்டா! நீக்ரோனியில் போடும் காம்பாரியில் கசப்போடு நல்ல இனிப்பும் இருக்கிறது, அதனால் சம அளவு தாங்கும். ஃபெர்னெட்டில் ஆல்கஹால் 39 சதவீதம், இனிப்பு குறைவு, மேலே புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி. ஒரு டீஸ்பூன் போதும். பாவம் அந்தப் பையன்.

என் கதை வேறு. பயணிகள் கப்பலில் ஏழு வருஷம் பார் வேலை. ஒரு நாள் எண்பது வயதிருக்கும் ஆங்கிலேய அம்மா ஒருவர் ஹாங்கி பாங்கி கேட்டார். 1930இல் வந்த சவாய் காக்டெய்ல் புத்தகத்தில் 'நன்றாகக் குலுக்கு' என்றுதான் இருக்கிறது. நானும் ஷேக்கரில் போட்டுக் குலுகுலு என்று குலுக்கி ஊற்றினேன். கலங்கலாக, மேலே நுரையும் ஐஸ் துணுக்குகளும். அவர் கிளாஸைத் தூக்கி மேஜை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆரஞ்சுத் தோலை எடுத்து நாப்கினில் வைத்துவிட்டு, கிளாஸை ஒரே விரலால் என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான்.

இரண்டாவது முறை பெரிய ஐஸ் கட்டிகள், நீளக் கரண்டி, சத்தமே வராமல் முப்பது விநாடி. மறுபடி தூக்கிப் பிடித்தார். இந்தமுறை கிளாஸுக்குள் பல்பு செம்பழுப்பாகத் தெரிந்தது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, குடித்துவிட்டுப் போனார். புத்தகப்படி செய்ததற்குத் திட்டு வாங்கினேனா, இல்லையா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பழையபுளி:
கப்பல்காரன் தம்பி, புத்தகம் எழுதியது ஹாரி கிராடாக். சரக்கைக் கண்டுபிடித்தது அவர் இல்லை, அவருக்கு முன்னால் 1903 முதல் அந்த பாரில் இருந்த ஏடா கோல்மன். சார்லஸ் ஹாட்ரி என்ற நடிகர் களைத்துப் போய் வந்து, காரசாரமாக ஏதாவது கொடு என்று கேட்க, அந்த அம்மா கலக்கிக் கொடுத்தது இது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் சொன்ன வார்த்தைதான் பேராக நின்றது. கிராடாக் குலுக்கு என்று எழுதியதால் குலுக்கத்தான் வேண்டும் என்று சட்டமா? பழச்சாறு, முட்டை, கிரீம் இல்லாத எதையும் குலுக்காமல் கரண்டியால் கலக்குவதுதான் முறை. அதே புத்தகத்தில் ஃபெர்னெட் இரண்டு சொட்டுத் தெளிப்புத்தான். உங்கள் டீஸ்பூன் எங்கிருந்து வந்தது?

என் அனுபவம் சின்னது. எட்டு மாசம் அலமாரி மேல் தட்டில் திறந்து கிடந்த வெர்மூத்தில் கலக்கினேன், சம்பந்தி எதிரில் புளித்த ஏப்பம் வந்தது.

ஆகவே எல்லோரும் கேளுங்கள். வெர்மூத் என்பது வைன். கொஞ்சம் சாராயம் சேர்த்திருப்பதால் உடனே கெடாது, ஆனால் கெடும். மூடியைத் திறந்தால் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்க்க முடியாதவர்கள் சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். பெரிய பாட்டில் மலிவு என்று வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். கலக்கும் முன் அரை ஸ்பூன் தனியாக ருசி பாருங்கள், உலர்திராட்சை வாசனை போய்க் காடி வாசனை வந்தால் சமையலுக்கு ஒதுக்குங்கள். கலக்கும் கிளாஸையும் குளிர வையுங்கள். ஃபிரீஸரிலிருந்து எடுத்து வெளியே வைத்து ஈரம் சொட்டும் ஐஸைப் போட்டால் தண்ணீராகிவிடும். அப்புறம் ஜின்னைக் குறை சொல்லக் கூடாது.

தூரதேசி:
அண்ணே, யாரும் கேட்கவில்லையே!

நான் புராஜெக்டுக்காக அர்ஜென்டினாவில் கோர்தோபா நகரில் இருந்தேன். அங்கே ஃபெர்னெட் என்றால் கோலாவோடுதான். கூட வேலை பார்த்தவன் வீட்டில் ஜின், வெர்மூத் எல்லாம் வாங்கிப் போய் ஹாங்கி பாங்கி கலக்க உட்கார்ந்தேன். நான் ஃபெர்னெட்டை டீஸ்பூனில் அளப்பதைப் பார்த்த அவனுடைய அம்மா, என்னவோ மருந்துக்கு அளக்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டி ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டார். ஐஸ் நிரப்பிய பெரிய டம்ளரில் அவரே மளமளவென்று ஊற்றி, மேலே கோலாவை நுரை வழிய விட்டுக் கையில் கொடுத்தார். அந்த ஜின் பாட்டிலை அன்றைக்கு யாரும் திறக்கவே இல்லை.

மிளகுரசம்:
பழையபுளி ஐயா, இரண்டு தெளிப்பும் போட்டுப் பார்த்தேன். இருப்பதே தெரியவில்லை. ஜின் 45, வெர்மூத் 45, ஃபெர்னெட் ஒரு டீஸ்பூன், முப்பது விநாடி. கப்பல்காரன் சொன்ன மாதிரி விளக்குக்கு நேரே பிடித்தேன், பல்பு தெரிந்தது.

மச்சினனுக்கு வீடியோவில் காட்டினேன். "நல்லாருக்கு மாமா" என்றான், பீர் கிளாஸைக் கீழே வைக்காமலே.