சிங்கப்பூர்: ஆட்டோகேட்தான் தெரியும், ஆபீஸில் ரெவிட் கேட்கிறார்கள்

பொன்மலை: வணக்கம். வந்து இன்னும் முதல் சம்பளம்கூட வாங்கவில்லை. ஊரில் வருஷக்கணக்கில் ஆட்டோகேடில் வரைந்தவன். இன்று மேனேஜர், "அடுத்த ப்ராஜெக்ட் முழுக்க பிம், ரெவிட் தெரியும்தானே?" என்கிறார். பிம் என்றால் கட்டடத்தை விவரங்களோடு 3டி மாடலாகப் போடும் முறை, ரெவிட் அதற்கான சாஃப்ட்வேர்; எனக்கு ஆட்டோகேடின் 2டி கோடுகள்தான் பழக்கம். ரெவிட் தெரியும் என்று ரெசூமேயில் ஏஜென்ட் சேர்த்துவிட்டிருக்கிறார் போல. ப்ரொபேஷன் வேறு. திருப்பி அனுப்பிவிடுவார்களா?

தெம்பனிஸ்வாசி: இதெல்லாம் ஒரு கவலையா தம்பி? நான் வந்தபோது டார்மிட்டரியில் கேட்டரிங் சோறு மதியத்துக்குள் புளித்துவிடும். முதலில் நல்ல ரூம் பாருங்கள். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வாடகை அதிகம்.

கம்பிகட்டி: ரெவிட் எல்லாம் ஏசி ரூமோடு சரி. சைட்டில் இன்றைக்கும் ஏ1 தாளில் பிரிண்ட் எடுத்துத்தான் கம்பி கட்டுகிறோம். ஆட்டோகேட் போதும்.

ஈசூன்காரன்: தப்பான யோசனை சொல்லாதீங்க அண்ணே. இங்கே பிம் பரவியதே அரசு பிடித்துத் தள்ளியதால்தான். 2010-ல் பிசிஏ, அதாவது கட்டட, கட்டுமான ஆணையம், பணம் கொடுத்துப் பழக்கியது. 2013-ல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு அரசு அனுமதி கேட்கும்போது ஆர்க்கிடெக்சர் மாடல் கட்டாயம், அடுத்த வருஷம் ஸ்ட்ரக்சர், எம் அண்ட் ஈ (ஏசி, மின்சாரம், குழாய் வேலைகள்). 2015-ல் வரம்பு 5,000-க்கு இறங்கியது. இப்போது கோர்நெட் எக்ஸ், அனுமதிக்கு மாடலைச் சமர்ப்பிக்கும் அரசு இணையத் தளம். 2026 அக்டோபர் 1 முதல் எல்லாப் புது ப்ராஜெக்ட்டும் அதில்தான் என்று அறிவித்திருக்கிறார்கள்.

கம்பிகட்டி: கட்டாயம் பேப்பரில்தான். எத்தனை கம்பெனியில் 2டி-யில் வரைந்து முடித்துவிட்டு, சப்மிஷனுக்காக அப்புறம் மாடல் போடுகிறார்கள் தெரியுமா? லைசென்ஸ் சந்தா கட்ட சப்கானுக்கு (துணை ஒப்பந்தக்காரருக்கு) வக்கில்லை.

தெம்பனிஸ்வாசி: வேலை மாடலர் வேலை, சம்பளம் ட்ராஃப்ட்ஸ்மேன் சம்பளம். லெவி (வெளிநாட்டு ஆளுக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் தொகை), அது இது என்று எல்லாக் கணக்கும் நம் தலையில்.

மதுமதி: புலம்பல் போதும், பையன் பயந்துபோயிருக்கிறான். பொன்மலை, கம்பெனி கன்சல்டன்டா, மெயின்கானா (முதன்மை ஒப்பந்தக்காரரா)? எந்த ட்ரேட்? வேலை பாஸ் என்ன? எதையுமே சொல்லவில்லையே.

பொன்மலை: மெயின்கான், அக்கா. எம் அண்ட் ஈ. டக்ட், ஸ்பிரிங்க்ளர். எஸ் பாஸ்.

மதுமதி: அப்படியானால் கைவசம் பாதி வேலை இருக்கிறது. உங்கள் இடத்தில் மாடலின் அசல் பயன் க்ளாஷ், அதாவது ஒன்றோடொன்று மோதும் இடம், பார்ப்பதுதான். பீமுக்கு அடியில் டக்ட் போகிறது, ஸ்பிரிங்க்ளர் மெயினும் அதே லெவலில் வருகிறது என்றால் மாடல்களைச் சேர்த்துச் சோதிக்கும் நேவிஸ்வொர்க்ஸ் சாஃப்ட்வேர் சிவப்பில் காட்டிவிடும். எதை நகர்த்துவது என்று அது சொல்லாது. சரிவோடு போகும் ட்ரெயின் குழாயை நினைத்தபடி தூக்க முடியாது என்பது வரைந்து பழகிய உங்களுக்குத்தான் தெரியும். ரெவிட்டில் எம்ஈபி (உங்கள் எம் அண்ட் ஈ வேலைக்கான) பகுதியை மட்டும் எடுங்கள், வீடு கட்டிக் காட்டும் வீடியோக்களில் நேரம் போக்காதீர்கள். ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் சில நாள் இலவச ட்ரையல் தருகிறது. லேப்டாப் விண்டோஸாக இருக்க வேண்டும். ஐஎஃப்சி-எஸ்ஜி என்று ஆபீஸில் பேசுவார்கள், குழாய்க்கும் டக்டுக்கும் எந்தெந்த விவரம் நிரப்ப வேண்டும் என்கிற பட்டியல் அது. டெம்ப்ளேட் உங்கள் பிம் கோஆர்டினேட்டரிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். முதல் வேலையாக, ஏஜென்ட் அனுப்பிய ரெசூமேயின் நகலை ஹெச்ஆரிடம் கேளுங்கள். ரெவிட் அதில் இருந்தால் நீங்கள் எழுதியதில்லை என்று ஈமெயிலில் போட்டுவிடுங்கள். பாஸ் விண்ணப்பத்தில் தப்புத் தகவல் போனால் வம்பு பெரிது.

தெம்பனிஸ்வாசி: ரூம் வேண்டுமென்றால் சொல்லு தம்பி.